அக்கினி மூலையில் பேட்டரி

சுவர்ணமுகி கோச் கம்பெனியின் டிசைன் ரிவ்யூ கூட்டத்தில் முதலில் வறுத்த முந்திரி வரும், பிறகு காபி வரும், அதற்குப் பிறகு நேரம் மிஞ்சினால் பஸ் வரும். அந்தக் கூட்டங்களில் திரைக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறவள் ரூபா. மாக்-அப் காட்டுவது அவள் வேலை. இரும்பை வெட்டுவதற்கு முன்பே முழு பஸ்ஸையும், கடைசி போல்ட் வரைக்கும், கம்ப்யூட்டருக்குள் கட்டி நிறுத்தி, எந்தச் சாமான் எந்தச் சாமானோடு முட்டுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முட்டுகிற இடம் திரையில் சிவப்பாகத் தெரியும். அவ்வளவுதான் விஷயம். கண் இருக்கிறவர்களுக்குப் புரியும். அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணை எதற்கு வைத்திருந்தார்கள் என்பது ரூபாவுக்கு விளங்கியதே இல்லை.

சேர்மன் ரங்கையா சித்தூரில் மாம்பழக் கூழை டப்பாவில் அடைத்து அரபு நாடுகளுக்கு அனுப்பி ஆளானவர். லைசென்ஸ் தொல்லை ஒழிந்து, வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் மதராஸைச் சுற்றிக் கூடாரம் போட ஆரம்பித்த காலத்தில் அவருக்கும் வண்டி ஆசை வந்தது. திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகிற ரோட்டில் ஷெட் போட்டு, மாடியில் ஏ.சி. வைத்து, டிசைன் ஆபீஸ் திறந்தார். கூழை டப்பாவில் அடைக்கிறோம், மனுஷனை பஸ்ஸில் அடைக்கிறோம், ரெண்டும் பேக்கிங்தானே என்று திறப்பு விழாவில் அவரே பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். கூழ் டப்பா வளைவில் திரும்ப வேண்டியதில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

டிசைன் ஆபீசுக்குத் தலைவர் ஹரிபாபு. புனேயில் ஒரு வாரம் பயிற்சிக்குப் போய் வந்தவர். அந்த ஒரு வாரத்தை வைத்துக்கொண்டு பத்து வருஷம் குடித்தனம் நடத்தினார். திரையில் எதைக் காட்டினாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். அப்படிப் பார்த்தால் புரிகிறது என்று மற்றவர்கள் நினைப்பார்கள் என்று அவருக்கு நம்பிக்கை. ரூபா செய்கிற வேலையை அவருக்குச் செய்யத் தெரியாது. அதில் குறை கண்டுபிடிக்க மட்டும் நன்றாகத் தெரியும். எழுத்து சின்னதாக இருக்கிறது என்பார், கம்பெனி முத்திரை இடது பக்கம் வரவேண்டும் என்பார்.

ரூபாவும் லேசுப்பட்டவள் இல்லை. நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் எல்லைக் கிராமம். அப்பா செங்கல்வராயன் பிறத்தியார் கரும்புக் கொல்லையில் கூலிக்கு நின்று, பிறகு குத்தகைக்கு எடுத்து, பிறகு துண்டு நிலம் வாங்கியவர். அரசாங்கம் பீஸ் கட்ட, புத்தூரில் என்ஜினியரிங் படித்து, அம்பத்தூரில் கார்க் கதவுகளோடு சில காலம் மல்லுக்கட்டிவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். கூடப் படித்தவர்கள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் கிடக்க, தான் மட்டும் மாம்பழக் கூழ் முதலாளியிடம் மாட்டிக்கொண்டோமே என்கிற கடுப்பு அவளுக்கு மூக்கின் மேலேயே இருந்தது. யாரைப் பார்த்தாலும் உதட்டோரம் லேசாகக் கோணும். அதற்குச் சிரிப்பு என்று பெயர் வைத்து ஆபீசில் காலம் தள்ளினாள்.

அந்த வருஷம் கட்டிய பஸ்ஸுக்கு 'மலை பஸ்' என்று பெயர். திருமலை ஏறுகிற யாத்திரிகர்களுக்காக. என்ஜின் பின்னால். பேட்டரிப் பெட்டி என்ஜினுக்குப் பக்கத்தில் இடது பின்மூலையில். தாராளமான இடம், ஒன்றோடு ஒன்று முட்டவில்லை, திரையில் ஒரு சொட்டு சிவப்பு இல்லை. அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

நாகபூஷணம் சித்தாந்தி வந்தார். சேர்மனுக்கு ஜாதகம், வாஸ்து, முகூர்த்தம் எல்லாம் அவர்தான். கூழ் ஃபாக்டரியின் பாய்லர் எங்கே இருக்கவேண்டும் என்று சொன்னவர். ஷெட்டுக்கு வாசல் கிழக்கே வைத்தவர். அவரை மாடிக்குக் கூட்டிவந்து திரையில் பஸ்ஸைக் காட்டினார்கள். சந்தனப் பொட்டும் பித்தளைத் திசைகாட்டியுமாக உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பேட்டரி என்றால் என்ன என்று கேட்டார். அதிலிருந்து நெருப்புப் பொறி வரும் என்று ஹரிபாபு சொன்னார்.

"அப்போ அது அக்னி," என்றார் சித்தாந்தி. "பண்டி கேட்டை விட்டு வெளிய வரும்போது கிழக்கே பாத்து வருது. இடது பின்மூலை அப்போ வடமேற்கு. வாயு மூலை. காத்து இருக்கிற எடத்துல நெருப்ப வெச்சா என்ன ஆகும்? அக்னி தென்கிழக்குல இருக்கணும். வலது முன்மூலை. அந்தே, அவ்வளவுதான்."

ஓடுகிற பஸ்ஸுக்கு மூலை பார்த்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும். அறையில் என்ஜினியரிங் படித்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பஸ் கேட்டைத் தாண்டி முதல் திருப்பத்தில் திரும்பியதும் தென்கிழக்கு என்ன ஆகும் என்று ஒருவர் கேட்கவில்லை. ஹரிபாபு தலையைச் சாய்த்து, "பாகுந்தி சார், ரொம்ப நல்லா இருக்கு," என்றார். மறுநாளே பேட்டரிப் பெட்டி டிரைவர் சீட்டுக்கு அடியில், வலது முன்சக்கரத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது.

ரூபா மாக்-அப்பை ஓட்டிப் பார்த்தாள். சக்கரம் நேராக இருந்தால் ஒன்றும் இல்லை. காலி பஸ்ஸில் சக்கரத்தைத் திருப்பினாலும் ஒன்றும் இல்லை. முழுக்க ஆள் ஏற்றி, இறக்கத்தில் பிரேக் போட்டு, முன்பக்கம் அமுங்கி நிற்கும்போது ஸ்டீயரிங்கை வலது கோடி வரைக்கும் ஒடித்தால், டயரின் முன்விளிம்பு பேட்டரிப் பெட்டிக்குள் புகுந்துவிடுகிறது. கம்ப்யூட்டரில்தான் புகும். நிஜத்தில் டயர் பெட்டியில் போய் இடித்து நிற்கும், ஸ்டீயரிங் அதற்கு மேல் திரும்பாது. மலையிலிருந்து இறங்குகிற பாதையில் வலது பக்கம் ஒடிக்கிற கொண்டை ஊசி வளைவு எத்தனையோ இருக்கிறது. அங்கே பாதி திரும்பி நின்றுபோன ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு டிரைவர் என்ன செய்வான்?

அதற்கு அடுத்த ரிவ்யூவில் அதை அப்படியே காட்டினாள். திரையில் டயர் ஓரத்தில் சிவப்பு.

ஹரிபாபு சேர்மன் முகத்தைப் பார்த்தார். சேர்மன் சிவப்பைப் பார்த்தார். "ஏன் இவ்வளவு ரத்தக் கலரு?" என்றார் சேர்மன்.

"முட்டற இடம் சார் அது. லோடோட ஃபுல்லா திருப்பினா..."

"கலரை மாத்தச் சொல்றேன் சார்," என்றார் ஹரிபாபு.

மாற்றினார்கள். இனிமேல் மோதல் வருகிற இடம் பச்சையாகத் தெரியவேண்டும் என்று ஹரிபாபு உத்தரவு போட்டார். உலகத்தில் வேறு எந்த பஸ் கம்பெனியிலும் ஆபத்துக்குப் பச்சை அடிப்பார்களா என்று ரூபாவுக்குத் தெரியவில்லை. அதோடு விடவில்லை. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே முட்டுகிறதெல்லாம் கணக்கில் வரவேண்டாம் என்று அளவைக் கூட்டச் சொன்னார். டயர் மோதல் மறைந்துபோகும் அளவுக்குக் கூட்டச் சொன்னார். அதற்கடுத்த ரிவ்யூவில், "சக்கரம் நேரா இருக்கிற மாதிரி மட்டும் காட்டும்மா, பாக்க அழகா இருக்கும்," என்றார். கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிறவன்கூட இவரைவிட நாணயமாக இருப்பான் என்று நினைத்தபடி அவள் நேரான சக்கரத்தைக் காட்டினாள். எல்லோரும் முந்திரி தின்றார்கள்.

இது வரைக்கும் ரூபாவுக்கு எரிச்சல்தான். பயம் வீட்டில் வைத்துத்தான் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊருக்குப் போயிருந்தாள். தம்பி கிஷோர் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே, மலை பஸ்ஸின் முதல் பயணத்துக்குத் தன்னைத்தான் டிரைவராகப் போட்டிருக்கிறார்கள் என்றான். கரும்பு டிராக்டரிலும் மணல் லாரியிலும் கை பழகிய பிள்ளை. அக்காவின் சிபாரிசில் கம்பெனி ஷெட்டில் தற்காலிக டிரைவராகச் சேர்ந்திருந்தான். முதல் வண்டி கட்டி முடிந்ததும் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போய், வாகன பூஜை போட்டுவிட்டு இறங்குவது அங்கே எல்லோருக்கும் வழக்கம்.

"உன்ன யாருடா பேர் குடுக்கச் சொன்னது?" என்றாள் ரூபா.

"நான் எங்கக்கா குடுத்தேன். சித்தாந்தி காரு அல்லாரு நட்சத்திரத்தயும் பாத்தாரு. என்னுதுதான் பஸ்ஸுக்குப் பொருந்திச்சாம். மேல போய்ட்டு வந்துட்டா பர்மனென்ட்டு பண்ணிடுவாங்க."

"கிஷோரு, இத்த கேளு. அந்த பேட்டரிப் பெட்டி டயர்ல இடிக்கும். ஆளு ஏத்திக்கினு எறங்கச் சொல்ல, வளைவுல ஸ்டீயரிங் பாதில நின்னுபூடும்."

"ஷெட்ல பாடி கட்டாத சேஸிஸ்ல பெட்டிய மாட்டி நான்தான திருப்பிப் பாத்தேன். வெண்ணெ மாதிரி சுத்துது."

"அது வெறும் சேஸிஸ்டா. லோடு ஏறி அமுங்கினா தெரியும்."

கிஷோர் சிரித்தான். "உன் கம்ப்யூட்டரு டயருக்குக் காத்து அட்ச்சியாக்கா?"

"நீ மாட்டேன்னு சொல்லிடு."

"மாட்டேன்னு சொன்னா வேற ஆள ஏத்துவாங்க. எனக்கு வேல பூடும். வண்டி எங்கயும் நிக்காது." சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டான்.

வாசற்படியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்த அப்பா திரும்பினார். "பெரிய மன்சங்க நாளு பாத்து வெச்சது. அவன் மொதமொதல்ல கம்பெனி வேலைல நிக்கப்போறான். நீ குறுக்க வாய வெக்காத ரூபா."

"நைனா, உனுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு," என்றாள் ரூபா. சொன்ன பிறகு அவளுக்கே கஷ்டமாக இருந்தது. ஹரிபாபுவிடம் காட்டவேண்டிய கோபத்தை நைனாவிடம் காட்டியாகிவிட்டது. கிஷோர் நிதானமாகத் தின்றுகொண்டிருந்தான். ஸ்டீயரிங்கைப் பிடிக்கப்போகிற அந்தக் கையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ரிவ்யூதான் கடைசி. அதில் டிசைனை 'ஃப்ரீஸ்' செய்துவிடுவார்கள். ஃப்ரீஸ் ஆனால் பிரம்மா வந்தாலும் ஒரு போல்ட்டைக்கூட மாற்ற முடியாது, வரைபடம் ஷெட்டுக்கு இறங்கி இரும்பு வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஃப்ரீஸுக்கு முகூர்த்தம் குறித்திருந்தது. அதனால் அன்றைக்கு சித்தாந்தியும் வந்திருந்தார். சேர்மனுக்கு வலது பக்கம் நாற்காலி, எதிரே திசைகாட்டி, கைக்கெட்டும் தூரத்தில் முந்திரித் தட்டு. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து பிரேமலதா வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரத்தை அவள் எங்கே கட்டுப்படுத்தினாள் என்பது அவளுக்கே தெரியாது. ஹரிபாபு தயார் செய்திருந்த முதல் பக்கத்தில் தாமரைப் பூ படம் போட்டு, 'மோதல்கள்: பூஜ்யம்' என்று எழுதியிருந்தது.

ரூபா அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு நேராக மாக்-அப்பைத் திறந்தாள். பஸ்ஸில் ஆள் ஏற்றினாள், முன்பக்கத்தை அமுக்கினாள், ஸ்டீயரிங்கை வலது கோடிக்குத் திருப்பினாள். பச்சையை மறுபடி சிவப்பாக்கி, கூட்டிய அளவையும் குறைத்திருந்தாள். டயர் பெட்டிக்குள் புகுந்து நின்றது.

"இந்த இடத்துல ஸ்டீயரிங் நின்னுடும் சார். இறக்கத்துல, வளைவுல. ஃப்ரீஸுக்கு முன்னாடி பெட்டியை நகர்த்தணும்."

ஹரிபாபு முகம் வெளிறிப்போய் எழுந்தார். "சார், ஷெட்ல திருப்பிப் பாத்தாச்சு. எங்கயும் படல. இந்தப் பொண்ணு எல்லாத்தையும் எக்ஸ்ட்ரீமா பாக்குது."

"அது காலி சேஸிஸ் சார். ஆள் ஏறினா பாடி கீழ இறங்கும்."

சேர்மன் யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்த்து மற்றவர்களும் யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். "பஸ் கீழ எறங்கினா," என்றார் சேர்மன், "டயரும் கூடத்தானே அம்மாயி எறங்கும்?"

டயர் ரோட்டின் மேல் நிற்கிறது, அது எங்கே இறங்கும், பாதாளத்துக்கா? ரூபா அறையைச் சுற்றிப் பார்த்தாள். சஸ்பென்ஷன் வரைந்தவன் அங்கே இருந்தான். அதற்குச் சம்பளம் வாங்குகிறவன். அவன் மும்முரமாகப் பேனா மூடியைத் திருகினான். பிரேமலதா செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, சேர்மன் சரியான பாயிண்ட் கேட்டுவிட்டார் என்பது போல ஆட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

சித்தாந்திக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஒரு முந்திரியை வாயில் போட்டுக்கொண்டு, தன் பேச்சு நிலைத்தே ஆகவேண்டும் என்கிற மிடுக்கோடு சொன்னார். "அம்மா, நெருப்பு வாயு மூலையில இருந்துச்சு. நான் பாக்காம இருந்தா அப்படியே மேல போயிருக்கும். காத்தும் நெருப்பும் ஒண்ணு சேர்ந்து சாமி சன்னிதில போய் நின்னிருக்கும். அதை மாத்தி வெச்சேன். அதுல கை வெக்காதே. கிஷோர்குமார்னு பையன், அவன் நட்சத்திரமும் பண்டியோட நட்சத்திரமும் அவ்வளவு பொருத்தம்."

தம்பி பேரை அந்த முந்திரி வாயிலிருந்து கேட்டதும் ரூபாவுக்குத் தலைக்கு மேல் ஏறியது. கத்தத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து வேறு வந்தது.

"சித்தாந்தி காரு, மேல போனதும் பஸ் எந்தத் திசையைப் பாத்து நிக்கும்?"

அவர் மென்றுகொண்டிருந்தது நின்றது. "ஏன்?"

"சாமி கிழக்கே பாத்து நிக்கிறாரு. பூஜைக்கு பஸ் சாமியைப் பாத்துதானே நிக்கணும்?"

"சாமிக்கு முதுகைக் காட்டி எவனாவது நிறுத்துவானா?" என்றார் சேர்மன்.

"அப்போ பஸ் மேற்கே பாத்து நிக்கும் சார்."

மாக்-அப் திரையின் மூலையில் ஒரு திசைகாட்டி எப்போதும் இருக்கும். இத்தனை நாளும் அதை ஒருவரும் சீந்தியதில்லை. ரூபா அதற்குக் கிழக்கு, மேற்கு என்று பெயர் எழுதினாள். பஸ்ஸைக் கேட்டில் நிற்கிற மாதிரி கிழக்கே பார்க்க நிறுத்தினாள். பேட்டரி தென்கிழக்கில் இருந்தது. சித்தாந்தி தலையசைத்தார். பிறகு மவுஸைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். பஸ் அப்படியே சுழன்று மேற்கே பார்த்து நின்றது. டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டி வடக்குப் பக்கம் போய், வடமேற்கு மூலையில் நின்றது.

"வாயு மூலை," என்றாள் ரூபா. "சாமி முன்னாடி நிக்கும்போது காத்தும் நெருப்பும் ஒண்ணா."

டயர் பெட்டியில் இடிக்கும் என்று சொன்னபோது அசையாத மனிதர்கள் இப்போது நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். சஸ்பென்ஷன்காரன் பேனாவைக் கீழே வைத்தான். பிரேமலதா செல்போனைக் கவிழ்த்தாள். ஹரிபாபு தலையைச் சாய்க்க மறந்துபோய் நேராகப் பார்த்தார், ஒருவேளை வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கலாம். சேர்மன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ரூபா காத்திருந்தாள். யாராவது ஒருவர் கேட்பார்கள் என்று நிஜமாகவே எதிர்பார்த்தாள். இறங்கும்போது பஸ் எந்தப் பக்கம் பார்க்கும் என்று கேட்கலாம். ஒவ்வொரு வளைவிலும் மூலை மாறாதா என்று கேட்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டுவிடும். கேட்டால் அவளிடம் பதில் கிடையாது, மானம் போகும், தம்பியும் போவான். ஆனாலும் ஒரு ஆள் கேட்டிருந்தால் இந்த அறையில் ஒரு மனுஷனாவது இருந்தான் என்று ஆகியிருக்கும். எல்லோரும் வடமேற்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தாந்தி மட்டும் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்ன இடத்திலேயே இப்போது தோஷம். முகம் சிறுத்துவிட்டது. இவரை இப்படியே விட்டால் வீம்புக்குப் பெட்டியை அங்கேயே ஆணி அடித்து நிறுத்திவிடுவார் என்று ரூபாவுக்குப் புரிந்தது. அவருக்கு ஒரு வழி விடவேண்டும். அவரைக் கண்டாலே ஆகாது, ஆனாலும் விட்டாள்.

"தப்பு எங்க பேர்லதான் சித்தாந்தி காரு. கேட்ல நிக்கிற மாதிரி மட்டும் உங்களுக்குக் காட்டினோம். சன்னிதில நிக்கிற மாதிரி காட்டவே இல்ல. காட்டியிருந்தா நீங்க அன்னைக்கே சொல்லியிருப்பீங்க."

சித்தாந்தியின் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது. "அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார். "ஹரிபாபு, நீங்க பூரா விஷயமும் காட்டல. சன்னிதிதான் முக்கியம். கேட்டு என்ன கேட்டு." திரையில் கையை நீட்டினார். "மேற்கே பாத்து நின்னா அக்னி மூலை எது? இடது பின்மூலை. அங்க கொண்டுபோய் வை."

முதலில் பேட்டரி இருந்த இடம் அது. என்ஜினுக்குப் பக்கம், தாராளமான இடம், ஒன்றோடும் முட்டாத இடம். பழைய மாடலைத் திறந்து வைத்தால் போதும். ரூபா மிகவும் கஷ்டமான வேலை போலப் பாவனை செய்து, மவுஸைக் கொஞ்ச நேரம் உருட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தாள். ஸ்டீயரிங்கை வலது கோடிக்கு ஒடித்துக் காட்டினாள். சிவப்பு இல்லை. அதை யாரும் பார்க்கவில்லை.

சேர்மன் கை தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். அந்த ஆபீசில் ரூபாவுக்குக் கிடைத்த முதல் கைதட்டு அது. வெளியே வந்து குழாயைத் திறந்து கையை நன்றாகக் கழுவிக்கொண்டாள்.

"முன்னாடியே இப்படிப் புரியற மாதிரி பிரசன்ட் பண்ணியிருக்கலாமே," என்று ஹரிபாபு வராந்தாவில் கடிந்துகொண்டார். அதற்குப் பிறகு எல்லா ரிவ்யூவிலும் முதல் பக்கம் திசைகாட்டி என்று ஆகிவிட்டது. சித்தாந்திக்கு நிரந்தர நாற்காலி. ஆட்டோவுக்கு நிழற்குடை செய்து தருகிற சின்ன வேலைக்குக்கூட, அது எந்தச் சாமியைப் பார்த்து நிற்கும் என்று ரூபா முதலில் சொல்லவேண்டும்.

மலை பஸ் கட்டி முடிந்து மேலே போன நாளில் எல்லோரும் ஏறினார்கள். சேர்மன் குடும்பம், ஹரிபாபு, பிரேமலதா, சஸ்பென்ஷன்காரன், எல்லோரும் புதுத் துணியில். டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். சித்தாந்திக்கு முன் சீட். ரூபா டிரைவருக்குப் பின்னாலேயே உட்கார்ந்தாள். ஏறுகிற பாதையில் முதல் வலது வளைவு வந்தபோது அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கிஷோர் ஸ்டீயரிங்கைக் கோடி வரைக்கும் ஒடித்தான். கீழேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பின்னால் யாரோ கோவிந்தா சொன்னார்கள்.

மேலே பஸ்ஸை மேற்கே பார்க்க நிறுத்திப் பூஜை போட்டார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லாம் முடிந்ததும் கிஷோர் செருப்பைக் கழற்றிவிட்டு, மாலை வாடாமல் நின்ற பஸ்ஸின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் சித்தாந்தியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். ரூபாவுக்கு உடம்பு கூசியது. இவனைக் கொல்லப் பார்த்த ஆள். அந்த ஆளின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்திருக்கிறான், நெற்றியெல்லாம் மண்.

"அக்கா, நீ சொன்னது மெய்தான்," என்று அவளைத் தனியே இழுத்துக் காதோடு சொன்னான். "பேட்டரி அங்க இருந்திருந்தா ஆபத்தாம். ஹரிபாபு சார் சொன்னாரு. சித்தாந்தி காரு கண்டுபுட்சி மாத்தியிருக்காரு. அந்தாளு இல்லன்னா நான் இன்னிக்கு இல்ல. நீயும் வுழுந்து கும்புட்டுக்கோ."

"நான் இன்னாத்துக்குடா?"

"எனக்காவக்கா. அல்லாரும் பாத்துக்கினு கீறாங்க."

ஹரிபாபு பார்த்துக்கொண்டிருந்தார். சேர்மன் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தாந்தி ஏற்கெனவே கையைத் தூக்கி ஆசீர்வாதத்துக்குத் தயாராக நின்றார். கிஷோரின் பர்மனென்ட் உத்தரவில் சேர்மன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்று ரூபாவுக்கு நாக்கு துடித்தது. தம்பி முகத்தைப் பார்த்தாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டுக் குனிந்தாள்.

சித்தாந்தியின் பாதத்துக்குப் பக்கத்தில் வலது முன்சக்கரம். கிஷோர் வண்டியை நிறுத்தும்போது ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தபடியே விட்டிருந்தான். தரையோடு தரையாகக் குனிந்திருந்ததால் அவளுக்கு உள்ளே வரைக்கும் தெரிந்தது. டயரின் முன்விளிம்புக்கு எதிரே, பெட்டி இருந்திருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, அந்தப் பக்கத்து வெயில் தெரிந்தது. தலைக்கு மேல் சித்தாந்தி தெலுங்கில் நூறு வருஷம் வாழச் சொல்லிக்கொண்டிருந்தார். ரூபா அவசரப்படாமல் அந்த இடைவெளியை நன்றாகப் பார்த்துக்கொண்டு எழுந்தாள்.